சுவரில் கருப்புப் பூஞ்சையா? சுவரைத் துளைக்க விடாதீர்கள்

எங்கள் வீட்டில் வெயிலே படாத ஓர் அறை. குளிர்காலத்தில் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழியும். கூரையை ஒட்டிய வெளிச்சுவர் மூலையிலும், அலமாரிக்குப் பின்னாலும் கருப்பாகப் பூஞ்சை பிடிக்கும். இதைச் சரிசெய்ய வந்த ஈரக்கசிவு நிபுணர் எங்களை ஏமாற்றிவிட்டார். இன்னொருவர் மாட்டக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

வந்ததும் இரண்டு ஊசி உள்ள ஈரமானியைச் சுவரில் குத்தினார். அது பீப் அடித்தது. "அஸ்திவாரத்துலேர்ந்து ஓதம், அதான் மண்ணோட ஈரம், ஏறுதுங்க. விட்டா சுவரே உளுத்துப்போயிடும்" என்றார். அடிச்சுவர் நெடுகத் துளை போட்டு ஓதத்தைத் தடுக்கும் மருந்து ஏற்றி, பூச்சைக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூசி, மேலே பூஞ்சைத் தடுப்புப் பெயிண்டும் அடித்தார்கள். 10 வருட உத்தரவாதம் என்று ஒரு தாளும் கொடுத்தார்.

அடுத்த குளிரில் அதே மூலையில், அதே கருப்பு. கூப்பிட்டால் முதலில் "காய நாளாகும்" என்றார். பிறகு, "நீங்க ஜன்னலே திறக்கறதில்ல, காத்துல இருக்கற ஈரம்தான் படியுது" என்றார். அப்படியானால் அடிச்சுவரில் மருந்து எதற்கு? உத்தரவாதத் தாளின் கடைசியில் பொடி எழுத்தில், காற்றின் ஈரத்தால் வரும் பூஞ்சைக்குப் பொறுப்பில்லை என்று இருந்தது. எங்கள் அறைக்கு இருந்த ஒரே கோளாறு அதுதான்.

அந்த ஊசி ஈரமானி அடிப்படையில் மரத்துக்கானது. பூச்சுச் சுவரில் உப்பு இருந்தாலும், மேற்பரப்பு மட்டும் வியர்த்திருந்தாலும் அது கத்தும். தரையிலிருந்து ஏறும் ஓதம் பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்தோடு நின்று, உப்புப் பூத்த கோடு ஒன்றை விட்டிருக்கும். எங்களுக்கோ கூரை மூலையில்! அறைக் காற்றின் ஈரப்பதத்தையும் சுவரின் வெப்பநிலையையும் அவர் அளக்கவே இல்லை. இந்த இரண்டையும் அளக்காமல் காரணம் சொல்பவரை நம்பாதீர்கள்.

கணக்கு இதுதான். 20 டிகிரி செல்சியஸில் 60 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று, 12 டிகிரியில் இருக்கும் சுவரைத் தொட்டால் தண்ணீராகப் படியும். பூஞ்சைக்கு அந்தத் தண்ணீர்கூட வேண்டாம். சுவரை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் தொடர்ந்து 80 சதவீதம் இருந்தாலே வளரும். காற்று குளிரக் குளிர அதன் ஈரப்பதச் சதவீதம் ஏறும் என்பதால், மேலே சொன்ன காற்றுக்கு, சுவர் சுமார் 15 டிகிரிக்கு இறங்கினாலே அந்த நிலை வந்துவிடும்.

நீங்களே சோதிக்கலாம். சுவரில் ஒரு பகுதியை நன்றாகத் துடைத்துக் காயவைத்து, அலுமினியத் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஓரிரு நாள் விடுங்கள். அறைப் பக்கம் ஈரம் படிந்தால் காற்றின் ஈரம்; தாளுக்குப் பின்னால் என்றால் சுவருக்குள்ளிருந்து வருகிறது.

அதே ஆள் தலையில் கட்டிய, காற்றின் ஈரத்தை இழுக்கும் குட்டி டிஹியூமிடிஃபையரும் வீண். அந்த வகை நாளுக்குச் சில நூறு மில்லிலிட்டர்தான் பிடிக்கும். ஒரு தடவை துவைத்த துணியை அறைக்குள் உலர்த்தினாலே 2 லிட்டர் அளவுக்கு நீர் காற்றில் சேரும். கம்ப்ரஸர் வகையும் குளிர்ந்த அறையில் திணறும். அங்கே ஈரம் உறிஞ்சும் பொருளால் இயங்கும் டெசிகன்ட் வகையே சரி.

எங்களுக்குப் பலன் தந்தவை எல்லாம் சாதாரண வேலைகள். துணி உலர்த்துவதை அங்கிருந்து மாற்றினோம். சமைக்கும்போதும் குளிக்கும்போதும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும், அந்த அறைக் கதவு மூடியிருக்கும். வீட்டின் சூடான ஈரக்காற்றை உள்ளே விட்டால் அது நேரே குளிர்ந்த சுவரில்தான் படியும். அலமாரியைச் சுவரிலிருந்து தள்ளி வைத்தோம். அறையில் ஹீட்டரால் மெல்லிய சூட்டைத் தொடர்ந்து வைத்து, தினமும் சிறிது நேரம் ஜன்னலை அகலத் திறக்கிறோம். புகைபோக்கி இல்லாத கேஸ், மண்ணெண்ணெய் ஹீட்டர் மட்டும் வேண்டாம், எரியும்போது அதுவே நீராவியை விடும். இருக்கும் பூஞ்சையை முகக்கவசம் போட்டு சோப்புத் தண்ணீரால் துடையுங்கள், உலர்வாகத் தேய்க்காதீர்கள். பிளீச்சை அமிலத்தோடோ அம்மோனியாவோடோ கலக்கவே கூடாது, நச்சு வாயு வரும்.

ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டவர்கள், அவர் முதலில் சொன்ன காரணத்தை எழுத்தில் வாங்கி வையுங்கள். "ஓதம் ஏறுகிறது" என்ற அவருடைய அறிக்கையையும், "காற்றின் ஈரம்" என்று பின்னால் அனுப்பிய செய்தியையும் சேர்த்துத்தான் நாங்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை.