இடுப்பில் சென்சார், கையில் மாவு வாளி: பத்து மாத அனுபவம்

பெங்களூர் அல்சூரில் இட்லி மாவுக் கடை வைத்திருக்கிறோம். விடியற்காலை நாலரைக்குக் கிரைண்டர் ஓட ஆரம்பித்தால் எட்டு மணி வரை குனிந்த இடுப்பு நிமிராது. போன வருஷம் ஒருநாள் தும்மினேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. பிசியோதெரபி முடிந்த கையோடு இடுப்பு எவ்வளவு குனிகிறது என்று அளக்கும் இந்த சென்சாரை மகன் வாங்கிக் கொடுத்தான்.

பாதித் தீப்பெட்டி அளவில் இரண்டு துண்டுகள். ஒன்றை இடுப்பெலும்பின் பின்பக்கமும் இன்னொன்றை விலா முடியும் இடத்திலும் ஒட்ட வேண்டும். போனைத் திருப்பினால் படமும் திரும்புகிறதே, அதே வகை முடுக்கமானியும் கைரோஸ்கோப்பும்தான் உள்ளே. இரண்டும் காட்டும் கோணத்தின் வித்தியாசத்தை இடுப்பு வளைவாகக் கணக்கிட்டு, ஆப்பில் கோடு போடுகிறது. அளவு மீறினால் உர்ரென்று அதிரும்.

செய்தவர்கள் புடவையை நினைத்தே பார்க்கவில்லை. பாவாடை நாடா சரியாகக் கீழ்த் துண்டின் மேல் வரும். வியர்வையில் பிசின் இளகி, ஒன்பது மணிக்குள் துண்டு நகர்ந்துவிடும். கடைசியில் பருத்திப் பெல்ட் தைத்து அதற்குள் செருகினேன். தினமும் காலையில் ஐந்து விநாடி நேராக நின்று பூஜ்ஜியம் வைக்க வேண்டும். வலியில் கோணலாக நின்றால், அன்று முழுக்க அந்தக் கோணல்தான் அதற்கு நேர். சோமேஸ்வரர் கோயிலில் விழுந்து கும்பிட்டபோது சந்நிதியிலேயே அதிர்ந்தது; குருக்கள் திரும்பிப் பார்த்தார்.

பெரிய குறை வேறு. கையில் என்ன எடை என்று அதற்குத் தெரியாது. கீழே விழுந்த கறிவேப்பிலையை எடுத்தாலும் 20 கிலோ மாவு வாளியைத் தூக்கினாலும் ஒரே கோடுதான். ஆனால் இடுப்புக்கு இரண்டும் ஒன்றா? முதுகுத் தசை, முதுகெலும்பு மூட்டிலிருந்து ஐந்தாறு சென்டிமீட்டர் தள்ளி நின்றுதான் இழுக்கிறது. வாளியை அரை மீட்டர் தள்ளிப் பிடித்தால், அந்த 20 கிலோவைத் தாங்கத் தசை 170 முதல் 200 கிலோ அளவு இழுக்க வேண்டும். நம் உடம்பின் எடை தனி. வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசின் நியாஷ் (NIOSH) நிறுவனம், எவ்வளவு எடை தூக்கலாம் என்று கணக்கிட 1991இல் திருத்திய சூத்திரத்தில், எல்லாம் சாதகமாக இருந்தாலே வரம்பு 23 கிலோ. கணுக்காலிலிருந்து கை 25 செ.மீ. தூரத்தில் இருக்கும்போதுதான் அதுவும். 50 செ.மீ. போனால் 11.5 ஆகிவிடும். இதையெல்லாம் பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன், ஆப் சொல்லவில்லை.

அப்படியானால் காசு வீணா? இல்லை. வாளி தூக்குவதுதான் என் எதிரி என்று நினைத்திருந்தேன். இரண்டாம் வாரக் கோட்டைப் பார்த்தால், தூக்குவது நாலு சின்ன முள். மாவு வழிக்கும் நேரம்தான் நீள மேடு. உரலுக்குள் கையை விட்டுக் குனிந்தபடியே ஈடுக்கு ஏழெட்டு நிமிஷம், அதுவும் தூங்கி எழுந்த முதல் மணி நேரத்தில். ராத்திரி படுத்திருக்கும்போது முதுகெலும்பு வட்டுகள் நீர் ஏறி உப்பியிருக்கும். அந்த நேரத்தில் குனிந்தால் அழுத்தம் கூடுதலாம். வெல்டிங் கடையில் இரும்பு ஸ்டாண்ட் அடித்துக் கிரைண்டரை ஏற்றி வைத்தோம். முதல் மணி நேரத்துக்கு பாக்கெட் கட்டுவது, கணக்கு எழுதுவது என்று மாற்றிக்கொண்டேன். வாளியில் பாதிதான் நிரப்புகிறோம். இரண்டு நடை கூடுதல், இவருக்குத்தான் முணுமுணுப்பு. வலி முழுக்கப் போகவில்லை. ஆனால் காலையில் செருப்பு மாட்ட சுவரைப் பிடிப்பதில்லை.

தினமும் மாட்டுவதை ஐந்தாம் மாதமே விட்டுவிட்டேன். அதிர்வு பழகிப்போய்க் காதில் ஏறாது, மாமியார் சொல் மாதிரி. ஒரு மாதத்துக்கு வாடகைக்குக் கிடைத்தால் அதுவே போதும். வேலையில் ஏதாவது மாறினால் மட்டும் மூன்று நாள் கட்டிப் பார்க்கிறேன். போன மாதம் கடைப் பெண், “அக்கா, எனக்கும் கட்டி விடுங்க” என்றாள். அவளுடைய மேடு அரிசி களையும் குழாயடியில் வந்தது. குழாயை உயர்த்தப் பிளம்பரிடம் சொல்லி இரண்டு வாரம் ஆகிறது. வருகிறேன் என்கிறார்.