குரல் கரகரப்பு: பயிற்சியா, அறுவை சிகிச்சையா?

4 வாரம் தாண்டியும் தொண்டைக் கட்டு விடவில்லை என்றால், முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவர் எண்டோஸ்கோப் வழியாகக் குரல்நாண்களை (பேசும்போது அதிர்ந்து ஒலி எழுப்பும் தொண்டை மடிப்புகளை)ப் பார்க்க வேண்டும். பார்க்காமல் குரல் பயிற்சியும் கூடாது, அறுவையும் கூடாது.

ஆசிரியர்கள், பாடகர்களுக்கு அதிகம் வருபவை இரு நாண்களிலும் எதிரெதிரே தடிக்கும் சிறு முடிச்சுகள். இதற்குப் பயிற்சிதான் முதல் மருந்து என்பேன். வாரம் ஓரிரு அமர்வு, ஒன்றிரண்டு மாதம். மூச்சைச் சீராக்கி, தொண்டையை இறுக்காமல் பேசப் பேச்சுப் பயிற்சியாளர்கள் பழக்குவார்கள். நாண்கள் மோதும் வேகம் குறைந்தால் முடிச்சு பெரும்பாலும் தானே சுருங்கும். வலி இல்லை, தழும்பு இல்லை. ஆனால் வீட்டிலும் விடாமல் செய்ய வேண்டும். பாதியில் விடுபவர்களே அதிகம்.

பெரும்பாலும் ஒரு பக்க நாணில் மட்டும் தொங்கும் மென்மையான சதை வளர்ச்சியான பாலிப் வேறு கதை. பெரிதாக இருந்தால் பயிற்சியில் கரைவது அரிது. முழு மயக்கத்தில் நுண்ணோக்கி வைத்து வாய் வழியே அகற்றுவார்கள்; பிறகு சில நாள் மௌனம். தழும்பு விழுந்தால் குரல் நிரந்தரமாகக் கெடலாம் என்பதால் தேர்ந்த கை அவசியம். பேசும் பழக்கம் மாறாவிட்டால் மறுபடியும் வளரலாம். அதனால் அறுவைக்குப் பின்னும் பயிற்சி உண்டு.

புகைபிடிப்பவருக்கு நாண்களில் வெண்படலமோ சந்தேகமான கட்டியோ தெரிந்தால், பயிற்சிக்காகக் காத்திருக்காமல், புற்றுநோயா என்று அறியத் திசுப் பரிசோதனை செய்துவிட வேண்டும்.