கியர்லெஸ் லிஃப்டோடு ஏழு வருடம்

சென்னையில் எங்கள் குடியிருப்பில், ஆறு பேர் போகும் 408 கிலோ லிஃப்டின் பழைய கியர் மெஷினைக் கழற்றிவிட்டு, பல்சக்கரம் இல்லாமல் நேராக இழுக்கும் கியர்லெஸ் மோட்டாரும், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான புது டிரைவும் போட்டு ஏழு வருடம் ஆகிறது. நான் எஞ்சினியர் இல்லை, பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சங்கச் செயலாளர் என்பதால் மெக்கானிக் வரும்போதெல்லாம் கூடவே மொட்டைமாடிக்கு ஏறிவிடுவேன்.

போட்ட புதிதில் கேபின் தரையில் எவர்சில்வர் டம்ளரில் தளும்பத் தளும்பத் தண்ணீர் வைத்து ஐந்து மாடி ஏறினோம். ஒரு சொட்டு சிந்தவில்லை. மெஷினில் ஆயில் ஒழுக்கும் கிடையாது.

இரண்டாம் வருடம் கேபினில் ஆட்டம் ஆரம்பித்தது. ஏஎம்சி (வருடப் பராமரிப்பு ஒப்பந்தம்) எடுத்திருந்த கம்பெனியின் பையன் வந்தான், டிரைவின் கீபேடில் ஸ்பீடு கெயினைக் குறைத்தான் (வேகம் பிசகினால் டிரைவ் எவ்வளவு கடுமையாகத் திருத்த வேண்டும் என்ற அளவு அது). ஆட்டம் அடங்கியது, ஆனால் பத்தே நாளில் வேறு புகார். கிளம்பும்போது கேபின் வெடுக்கென்று இழுக்கிறது: ஒருவர் ஏறினால் மேலே, ஆறு பேர் ஏறினால் கீழே. கயிற்றின் மறுமுனையில் தொங்கும் எதிர் எடையான கவுன்டர் வெயிட்டை ஏறக்குறைய பாதி லோடுக்குத்தான் சமன் செய்திருப்பார்கள். பிரேக் விட்டதும் கனமான பக்கம் நழுவப் பார்க்கும்; மோட்டார் அந்தக் கணமே பிடிக்க வேண்டும். கெயின் குறைந்தால் பிடி தாமதம். சரி என்று திரும்ப ஏற்றினான், ஆட்டமும் திரும்பி வந்தது. நாலு மாதம் இதே கூத்து. வாக்கரோடு நடக்கும் மூன்றாம் மாடிப் பாட்டி, "இதுக்குப் படியே தேவலப்பா" என்றார்.

ஏஎம்சியை மாற்றினோம். புதிதாக வந்த பெரியவர் கீபேடைத் தொடவே இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி லிஃப்டில் நாலு தடவை மேலும் கீழும் போய் வந்தார். லிஃப்ட் விநாடிக்கு ஒரு மீட்டர் போகிறது, கேபின் பிடித்து ஓடும் கைடு ரெயில் துண்டு ஒவ்வொன்றும் 5 மீட்டர். ஐந்து விநாடிக்கு ஒருமுறை 'டக்' என்றால் ரெயில் ஜாயின்ட். எங்களுடையது விநாடிக்கு இரண்டு முறை ஆடியது. கயிறு கேபினைவிட இரு மடங்கு வேகத்தில் ஓடுகிறது, கயிற்றை இழுக்கும் மோட்டார் சக்கரமான 320 மி.மீ. ஷீவின் சுற்றளவு ஏறக்குறைய ஒரு மீட்டர். கணக்கு நேரே ஷீவில் போய் நின்றது. அதாவது, ஷீவோடு ஒரே சாஃப்டில் சுற்றும் ஏதோ ஒன்று கோளாறு.

இன்ஸ்பெக்ஷனுக்கான மெதுவான வேகத்தில் ஓட்டி, நுண்ணிய விலகலைக் காட்டும் டயல் கேஜ் வைத்துப் பார்த்தார். மோட்டார் சுற்றுவதை அளந்து டிரைவுக்குச் சொல்லும் என்கோடர் மையம் விலகியிருந்தது. ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். என்கோடர் கோணலாகச் சுற்றினால், சீராக ஓடும் மோட்டாரையே 'வேகம் கூடிக் குறையுது' என்று டிரைவிடம் பொய் சொல்லும். அதைச் சரிசெய்யப் போய் டிரைவ் நிஜமாகவே ஆட்டும். கெயினைக் குறைத்தபோது ஆட்டம் ஏன் அடங்கியது என்று அப்போதுதான் புரிந்தது. என்கோடரைக் கழற்றி மாட்டினால் மோட்டாருக்குள் இருக்கும் காந்தத்துக்கும் அதற்குமான கோணத்தை டிரைவுக்குத் திரும்பக் கற்றுக்கொடுக்க வேண்டும். இந்த ட்யூனிங்கைச் செய்யாமல் ஓட்டினால் மோட்டார் கண்டபடி கரன்ட் இழுக்கும், தாறுமாறாகவும் ஓடும். எங்கள் டிரைவில் கயிற்றை இறக்காமலே இதைச் செய்ய முடிந்தது. இந்த ஒரு வசதிக்காகவே அந்த டிரைவுக்கு நல்ல மார்க் போடுவேன்.

அப்புறம் கயிறுகளைக் கையால் அழுத்திப் பார்த்தார். ஐந்தில் ஒன்று விறைப்பாக இருந்தது. முனை ஸ்பிரிங்குகளைத் திருகி, இழுவிசை வித்தியாசத்தை ஐந்து சதவீதத்துக்குள் கொண்டுவந்தார். காலுக்கடியில் இருந்த மெல்லிய நடுக்கமும் அதோடு போயிற்று. கெயின் பழையபடி ஏறியது, இழுப்பும் இல்லை.

குறை என்றால் மோட்டாரின் கீச்சொலி. ஐந்தாம் மாடிக்காரர் தூங்க முடியவில்லை என்றார். டிரைவ் மின்சாரத்தை விட்டுவிட்டுக் கொடுக்கும் வேகமான கேரியர் அலைவெண்ணைக் கூட்டினோம், சத்தம் குறைந்தது, டிரைவ் சூடேறியது. மே மாத மொட்டைமாடி ரூமில் அது தாங்காது, எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டோம். ஆறாம் வருடம் டிரைவின் சொந்த ஃபேனையும் மாற்றினோம்.

இப்போதெல்லாம் யார் கீபேடை எடுத்தாலும் முதலில் பழைய மதிப்புகளை ஃபோட்டோ எடுத்துவிடுகிறேன். டம்ளர் சோதனை மாதம் ஒருமுறை நடக்கிறது. அன்று விறைப்பாக இருந்த அந்தக் கயிறுதான் இப்போது மெலிய ஆரம்பித்திருக்கிறது. அதை மட்டும் மாற்றினால் மறுபடி இழுவிசைத் தகராறுதான். ஐந்தையும் சேர்த்து மாற்றும் செலவை அடுத்த பொதுக்குழுவில் வைக்க வேண்டும்.