பனங்கையில் போட்ட கார் ஷெட்: ஐந்து வருடத்துக்குப் பிறகு

போன மாதம் ஷெட்டின் முன்பக்கக் காலில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துச் சும்மா அழுத்திப் பார்த்தேன். பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. மேலே பார்த்தால் நல்ல மரம், பூசிய எண்ணெய் மினுமினுப்புகூட மிச்சம் இருக்கிறது. தரையை ஒட்டிய அரை அடி மட்டும் உள்ளே ஒன்றுமில்லை.

2020 ஊரடங்கில் நானும் மச்சானும் சேர்ந்து கட்டிய ஷெட் இது. திருச்செந்தூர் பக்கம் எங்கள் ஊர். வீட்டின் வடக்குச் சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில் பதினோரு அடி சும்மா கிடந்தது. கார் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. இரும்புக் குழாயில் ஷெட் போட விலை கேட்டதில் அறுபதாயிரத்துக்கு மேல் சொன்னார்கள். பணத்தைவிட இன்னொரு யோசனையும் இருந்தது. கடல் காற்றில் எங்கள் ஜன்னல் கம்பியே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பெயிண்ட் கேட்கும். மரத்தில் போட்டால் என்ன என்று தோன்றியது அப்படித்தான்.

பக்கத்து ஊரில் ஒரு பழைய ஓட்டு வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே பன்னிரண்டு அடி, பதினான்கு அடிப் பனங்கைகள், அதாவது கூரையைத் தாங்கும் பனஞ்சட்டங்கள், குவிந்து கிடந்தன. எல்லாம் குறைந்தது ஐம்பது வருடம் கூரையில் இருந்தவை. கருப்பும் மஞ்சளும் வரிவரியாக, தட்டினால் கணீரென்று சத்தம். அடிக்கு நாற்பது ரூபாய் பேசி எடுத்தோம். பச்சைப் பனையை வெட்டி அறுக்கும் எண்ணம் அப்போதே இல்லை. அடுத்த வருடம், 2021 வேளாண் பட்ஜெட்டில், பனை வெட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்றே அறிவித்துவிட்டார்கள். எனவே இப்போது கட்ட நினைப்பவர்களுக்கும் பழைய வீட்டு மரம்தான் நல்ல வழி. வாங்கும்போது ஒன்று பாருங்கள்: பனையில் வெளிவட்டம்தான் வைரம் பாய்ந்த கெட்டி மரம், உள்ளே இருப்பது சோறு, மெத்தென்ற பகுதி. சோறு சுத்தமாகச் செதுக்காமல் ஒட்டிக்கொண்டிருக்கும் பனங்கையை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பூச்சி அங்கேதான் குடியேறும்.

கால்களுக்கு எங்கள் தோட்டத்து வேம்பு. வீட்டை நீட்டிக் கட்டும்போது வெட்டியது. அறுவை மில்லில் ஐந்து அங்குலச் சதுரமாக அறுத்து, எட்டு மாதம் நிழலில் அடுக்கி வைத்திருந்தோம். அதில் ஒன்று முறுக்கிக்கொண்டது, மற்றவை பரவாயில்லை.

அளவு பதினெட்டுக்குப் பத்து. பக்கத்துக்கு மூன்று என்று ஆறு கால். இரண்டு பனங்கையை முதுகோடு முதுகு சேர்த்து போல்ட் முடுக்கி உத்திரம் ஆக்கினோம். அதன்மேல் இரண்டடிக்கு ஒரு கை, கைமேல் குறுக்காகத் தேக்கு ரீப்பர் (மெல்லிய சட்டம்), கூரைக்குக் கலர் ஷீட். எனக்கு ஓடு போடத்தான் ஆசை. எங்கள் தெருவில் தச்சு வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "சுவர் பக்கம் பத்தடி, அந்தப் பக்கம் ஏழடி. ஓட்டுக்கு இந்த வாட்டம் பத்தாது தம்பி. சாரல் அடிச்சா காருக்குள்ள குடை பிடிச்சுட்டு உக்காரணும்" என்றார். ஆசையை விட்டேன்.

பனையில் வேலை செய்வதைப் பற்றி யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். ஆணி இறங்காது, வளையும். துளை போட்டுத்தான் ஸ்க்ரூ ஏற்ற வேண்டும். முதல் நாளே மூன்று டிரில் பிட் மழுங்கின. அதைவிட மோசம் சிலாம்பு. ஊசி மாதிரி கருப்பு நார், கையில் ஏறினால் பாதியில் ஒடிந்து உள்ளே நின்றுவிடும். மச்சானுக்கு உள்ளங்கையில் ஏறியதை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் சீழ் கோத்து, ஊசி போட்டு, ஒரு வாரம் அவன் வேலைக்கே வரவில்லை. தோல் கையுறை இல்லாமல் பனையைத் தொடாதீர்கள்.

அப்புறம் எண்ணெய். வேஸ்ட் ஆயில் பூசச் சொன்னவர்கள்தான் அதிகம். அந்த நாற்றத்தை வீட்டு ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை. வள்ளத்துக்குப் பூசுகிற முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயை வாங்கினேன். கரையானுக்கு அது நல்ல மருந்துதான், இன்றுவரை பனங்கையில் ஒரு பொட்டுக்கூடக் கரையான் மண் இல்லை. ஆனால் தோலில் பட்டால் வெந்துவிடும். முழங்கையில் எனக்குக் கொப்புளம் வந்த தழும்பு இன்னும் இருக்கிறது. கூடவே இன்னொரு முட்டாள்தனம் செய்தேன்: இரண்டு கோட்டோடு நிறுத்தாமல் மூன்றாவதும் அடித்தேன். மரம் குடிக்காமல் மிச்சம் நின்ற எண்ணெய் அடுத்த சித்திரை வெயிலில் இளகிச் சொட்டுச் சொட்டாகக் காரின் கூரையில் விழுந்தது. வெள்ளைக் கார். பாலிஷ் போட்டும் ஏழெட்டுப் புள்ளிகள் போகவில்லை. வெயிலில் இருந்து காரைக் காப்பாற்றத்தானே ஷெட் என்று வீட்டில் இன்னும் கேட்கிறார்கள்.

2021 ஆனி, ஆடிக் காற்றில் முதல் பரீட்சை. ஷெட்டின் வாய் மேற்குப் பார்த்தது. எங்கள் பக்கத்து மேல்காற்று நேராக உள்ளே புகுந்து கூரையைக் கீழிருந்து தூக்கும். ராத்திரி முழுக்கத் தகரம் படபடவென்று அடித்துக்கொண்டது, அம்மா தூங்கவில்லை. காலையில் ஏறிப் பார்த்தால் முன்வரிசையில் நான்கு ஸ்க்ரூ தளர்ந்து, ரப்பர் வாஷர் கிழிந்திருந்தது. ஷீட்டின் இரண்டு அலை மடிப்புக்கு ஒரு ஸ்க்ரூ என்று இருந்ததை முன் ஓரத்தில் அலைக்கு ஒன்று ஆக்கினேன். காலுக்கும் உத்திரத்துக்கும் இடையில் இரண்டடி நீளச் சாய்வுக்கட்டைகள் கொடுத்தேன். அன்றோடு ஆட்டம் நின்றது. முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை, ஏன் என்று கீழே சொல்கிறேன்.

2022இல் ரீப்பரிலிருந்து காரின் பானெட்டில் மாவு மாதிரித் தூள் கொட்டியது. கடைக்காரர் நாட்டுத் தேக்கு என்று கொடுத்ததில் பாதி, சேகு (நடுவில் இருக்கும் கெட்டி மரம்) இல்லாத வெள்ளை மரம். வண்டு அதைத்தான் தேடிப்பிடித்துத் துளைத்திருந்தது. ஐந்து ரீப்பரை மாற்றினோம். தேக்கு என்ற பெயருக்காக நான் முனையைப் பார்க்காமல் வாங்கியது என் தப்பு. அறுத்த முனையில் வெள்ளை விளிம்பு தெளிவாகத் தெரியும்.

2023 டிசம்பர் 17, 18 மழையைப் பற்றி இந்த மாவட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. எங்கள் வாசலில் முழங்கால் தண்ணீர் இரண்டு நாள் நின்றது. காரை முந்தின நாள் மாலையே மேட்டில் கொண்டு போய் விட்டிருந்ததால் பிழைத்தது. ஷெட் அசையவில்லை. அன்றைக்கு எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

இப்போது கால் விஷயத்துக்கு வருகிறேன். ஆறு காலில் நான்கைப் பெரியவர் சொன்னபடி வைத்தோம்: தரைக்கு மேல் ஓர் அடி கான்கிரீட் பீடம், அதன் தலையில் கருங்கல் துண்டு, பீடத்திலிருந்து வெளியே நீட்டிய இரண்டு இரும்புப் பட்டைக்கு நடுவில் காலை நிறுத்திக் குறுக்கே போல்ட். திண்ணை வைத்த பழைய வீடுகளில் தூணுக்கு அடியில் கல் இருக்குமே, அதே கதைதான். "மண்ணுல கால வச்சா கரையானுக்கு நீயே ஏணி போட்டுக் குடுக்கிற மாதிரி" என்பார். நான்கை நிறுத்தியதும் சட்டம் பக்கவாட்டில் ஆடியது. எனக்குப் பயம் வந்துவிட்டது. காற்று புகும் முன்பக்கத்து இரண்டு காலையும் இரண்டடிக் குழியில் இறக்கிச் சுற்றிலும் கான்கிரீட் ஊற்றினேன். பெரியவர் அன்றைக்கு வரவில்லை. மறுநாள் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வெற்றிலை போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஆட்டத்துக்கு மருந்து சாய்வுக்கட்டைதான். அது எனக்கு ஒரு வருடம் கழித்துத்தான் புரிந்தது, அதற்குள் கால்கள் புதைந்தாயிற்று. கான்கிரீட்டுக்குள் நிற்கும் மரம் காயும்போது சுருங்கும். சுற்றிலும் நூல் கனத்துக்கு இடைவெளி விழும். அதில் இறங்கும் தண்ணீருக்கு வெளியே வர வழி கிடையாது. வேரறுத்த மரத்தைத் தண்ணீர்க் குவளையில் நிறுத்தி வைத்த மாதிரி. வெள்ளம் அந்தக் குவளையை முழுசாக நிரப்பிவிட்டுப் போயிருக்கிறது. கரையானும் அதே இடைவெளி வழியாக, வெளியே ஒரு கோடு மண்கூடக் காட்டாமல் ஏறியிருக்கிறது. கல்மேல் நிற்கும் நான்கும் அதே வேம்பு, அதே எண்ணெய், அதே வெள்ளம். அவற்றில் ஸ்க்ரூ டிரைவர் நுனிகூட இறங்கவில்லை.

சரிசெய்ததுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி. காரின் ஜாக்கியையே எடுத்தோம். பலகை ஒன்றின் மேல் ஜாக்கி, அதன்மேல் தைலமரத்து முட்டு, முட்டின் தலை உத்திரத்தின் அடியில். இரண்டாவது முட்டு ஒன்றைப் பாதுகாப்புக்குப் பக்கத்திலேயே ஆப்பு அடித்து நிறுத்திவிட்டு, மெதுவாகச் சுற்றினோம். கால் அங்குலம் எழும்பியதும் உத்திரம் ஒரு முனகல் முனகியது, மச்சான் வெளியே ஓடிவிட்டான். அழுகியதற்கு மேல் அரை அடி நல்ல மரம் சேர்த்துக் காலை அறுத்தோம். குழியில் இருந்த கட்டையை உடைத்து எடுத்துவிட்டுப் பீடம் எழுப்பி, கல் வைத்து, பத்து நாள் தண்ணீர் விட்டு, ஜாக்கியை இறக்கினோம். ஒரு காலுக்கு ஆன செலவு வெல்டிங்கோடு சேர்த்து 1,800 ரூபாய்.

இதுவரை மொத்தச் செலவு, ரீப்பர் மாற்றியது, கால் மாற்றியது எல்லாம் சேர்த்து ஐம்பதாயிரத்தைத் தொடவில்லை. எங்கள் உழைப்பைக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் இரும்பு ஷெட்தான் லாபம், அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இன்னும் தீராதவை இரண்டு. நடுக்கால் சரியாக இடதுபக்கக் கதவு திறக்கிற இடத்தில் நிற்கிறது. கால் நடும் முன் காரை உள்ளே விட்டு, நான்கு கதவையும் திறந்துவைத்துத் தரையில் சாக்பீஸ் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். இப்போது பழைய டயர் ட்யூபைக் காலில் சுற்றிக் கட்டியிருக்கிறேன். அம்மா இறங்கும்போது ஒவ்வொரு தடவையும் கதவு அதில் பொத்தென்று இடிக்கும். இன்னொன்று, வீட்டுச் சுவரில் துளை போட வேண்டாம் என்று ஆறங்குலம் தள்ளிக் கட்டியதால் அந்த இடைவெளியில் மழை ஒழுகுகிறது. தகரம் வளைத்துப் போட்டேன், காற்று பிய்த்துவிட்டது. ஐப்பசி மழை பிடிப்பதற்குள் வேறு ஏதாவது செய்ய வேண்டும். பெரியவரிடம் கேட்டிருக்கிறேன், சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். வெற்றிலை வாங்கி வைத்தாயிற்று.