போலீசுக்குப் பட்டம் வேண்டுமா? டர்பனிலிருந்து ஓர் ஒப்பீடு

தென்னாப்பிரிக்கப் போலீசில் கான்ஸ்டபிளாகச் சேர மெட்ரிக் (இங்கே பன்னிரண்டாம் வகுப்புப் பள்ளியிறுதித் தேர்வு) போதும். குடியுரிமை, வயது வரம்பு, உடல் தகுதி, குற்றப் பதிவு இல்லாமை, ஆங்கிலத்தோடு இன்னொரு ஆட்சிமொழி ஆகியவை மற்ற நிபந்தனைகள். அதே மெட்ரிக்கை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் பள்ளி ஆசிரியராக முடியாது. சமூகப் பணியாளராகவும் முடியாது. இரண்டுக்கும் நான்கு ஆண்டுப் படிப்பு வேண்டும். துப்பாக்கி வைத்திருக்கிற, ஆளைக் கைது செய்கிற, அடிபட்டு வரும் பெண்ணிடம் முதலில் பேசுகிற வேலைக்கு மட்டும் பட்டம் தேவையில்லையா என்று டர்பனில் இந்திய வம்சாவளியினர் நிறைந்த சாட்ஸ்வொர்த்தில், குடியிருப்பாளர்களும் போலீசும் சேர்ந்து பேசும் எங்கள் சமூகக் காவல் மன்றக் கூட்டத்தில் ஒருவர் கேட்டால் பாதிப் பேர் தலையாட்டுகிறார்கள். மீதிப் பேருக்குக் கோபம் வருகிறது. மெட்ரிக்கோடு நின்றுபோன பிள்ளைகள் அவர்கள் வீட்டில் இருக்கிறார்கள்.

வழிகள் மூன்று. இப்போது இருப்பதுபோல மெட்ரிக்கோடு எடுப்பது. பட்டம் உள்ளவரை மட்டுமே எடுப்பது. மெட்ரிக்கோடு எடுத்து, சம்பளம் கொடுத்துப் படிக்க வைப்பது. நான் மூன்றாவது பக்கம். ஆனால் முதல் இரண்டிலும் உள்ள நியாயத்தைப் பேசாமல் அங்கே போக முடியாது.

மெட்ரிக் வழியின் பலம், வாசல் அகலமாக இருப்பது. அண்மை ஆண்டுகளில் அரசு ஆண்டுக்கு 10,000 பேர் என்ற அளவில் பயிற்சிக்கு எடுத்திருக்கிறது. வேலையில்லாத இளைஞர்கள் நிறைந்த நாட்டில் அது பெரிய எண்ணிக்கை. இங்கே குவாசூலு-நட்டால் மாகாணத்தில் ஜூலு வீட்டுமொழியாக உள்ள பிள்ளைகள் அந்த வாசலில் வருவது மிகவும் அவசியம். புகார் கொடுக்க வருகிறவர்களில் பெரும்பாலோர் ஜூலுவில்தான் அழுகிறார்கள், ஜூலுவில்தான் கோபப்படுகிறார்கள். நம் இந்திய வம்சாவளிப் போலீஸ்காரர்களிலும் தெருவில் பேசிப் பழகி ஜூலு கற்றவர்கள்தான் ஒரு சண்டையைக் கைகலப்பு ஆவதற்கு முன்பே அடக்கிவிடுகிறார்கள். எந்தப் பட்டச் சான்றிதழிலும் இந்தத் திறமை தெரியாது.

பலவீனம் எழுத்தில் இருக்கிறது. மெட்ரிக் தேர்ச்சி பெற வீட்டுமொழியிலும் இன்னும் இரண்டு பாடங்களிலும் 40 சதவீதம், வேறு மூன்று பாடங்களில் 30 சதவீதம் எடுத்தால் போதும். அப்படித் தேறி வந்த ஓர் இளைஞர், நிலையத்தில் புகார் வாங்கும் சார்ஜ் ஆபீசில் ஒருவர் ஜூலுவிலோ தமிழ் கலந்த ஆங்கிலத்திலோ அழுதுகொண்டே சொல்வதைக் கேட்டு, ஆங்கிலத்தில் வாக்குமூலமாக எழுத வேண்டும். டாக்கெட்டில், அதாவது வழக்குக் கோப்பில், போகும் முதல் தாள் அதுதான். டிடெக்டிவ் அதை வைத்துத்தான் தேடுவார், அரசு வழக்கறிஞர் அதை வைத்துத்தான் வழக்கு நடத்தலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதில் உள்ள ஓட்டையைத்தான் தேடுவார்.

எனக்குத் தெரிந்த ஓர் அம்மா, கணவர் அடித்ததைச் சொல்ல ஒரு நிலையத்துக்குப் போனார். எழுதி வாங்கிய வாக்குமூலம் ஒரு பக்கத்தைக்கூட நிரப்பவில்லை. அதற்கு முன் வந்த மிரட்டல், கையில் கத்தி இருந்தது, பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றது எதுவும் அதில் இல்லை. 1998-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி, நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு கேட்கும் உரிமை அவருக்கு இருப்பதை அந்தப் போலீஸ்காரர் சொல்லியாக வேண்டும். சொல்லவில்லை. அந்தப் பையன் கெட்டவன் இல்லை, தண்ணீர் கொடுத்தான், உட்கார வைத்தான் என்று அந்த அம்மாவே சொன்னார். அவனுக்கு எதை எழுத வேண்டும் என்று தெரியவில்லை. என்னால் அதை லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. தெரியாமல் விட்ட நான்கு வரிகளால் ஒரு வழக்கு செத்துப்போகும்.

இந்த இடத்தில்தான் இரண்டாவது வழிக்காரர்கள் வலுவாகப் பேசுகிறார்கள். பட்டம் படித்தவர் எழுதுவார், சட்டத்தைப் படித்துப் புரிந்துகொள்வார், கை நீட்டுமுன் யோசிப்பார் என்கிறார்கள். அதற்கு ஓரளவு ஆதாரமும் உண்டு. அமெரிக்காவில் இரண்டு நடுத்தர நகரங்களின் போலீசாரைக் கவனித்து 2010-ல் வெளியான ஓர் ஆய்வு, கல்லூரி படித்தவர்கள் பலப்பிரயோகம் செய்வது குறைவு என்று கண்டது. கைது செய்வதிலும் சோதனை போடுவதிலும் படிப்பால் வித்தியாசம் இல்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுகிறவர்கள் இரண்டாவதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் பட்டத்தை வாசலில் கேட்டால் யார் வெளியே நிற்பார்கள்? மெட்ரிக்கில் பேச்சலர் பாஸ், டிப்ளமா பாஸ், ஹையர் சர்டிபிகேட் பாஸ் என்று மூன்று தட்டு இருக்கிறது. பட்டப்படிப்புக்கு நேராகப் போக முதல் தட்டு வேண்டும். அதை எடுத்தவருக்கும் அடுத்த தடை பணம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் அரசு உதவித்தொகை கிடைக்கும். அதற்குச் சற்று மேலே நிற்கிற குடும்பம், நம் பக்கத்தில் அப்படிப்பட்டவை எத்தனையோ, கடன் வாங்கித்தான் பிள்ளையைப் படிக்க வைக்கிறது. கடன் வாங்கிப் பட்டம் முடித்த பிள்ளை கான்ஸ்டபிள் சம்பளத்துக்கு ஏன் வர வேண்டும்? வந்தாலும் வேறு வேலை கிடைக்கிற வரைக்கும்தான்.

என்ன பட்டம் என்ற கேள்வியும் இருக்கிறது. வணிகவியல் பட்டம் வாங்கியவருக்கு வாக்குமூலம் எழுத வராது, சாட்சியை விசாரிக்க வராது. படிப்பு வேலையோடு ஒட்டவில்லை என்றால் அது வடிகட்டி மட்டும்தான், பயிற்சி இல்லை. உச்சியில் இதை இந்த நாடு பார்த்துவிட்டது. 2012 ஜூனில் தேசியப் போலீஸ் ஆணையராக நியமிக்கப்பட்ட ரியா பியேகா படிப்பும் நிர்வாக அனுபவமும் உள்ளவர், போலீஸ் வேலை பார்த்தவர் இல்லை. அந்த ஆகஸ்ட் 16-ல் மரிகானா சுரங்கப் பகுதியில் போலீஸ் சுட்டு, வேலைநிறுத்தம் செய்த 34 சுரங்கத் தொழிலாளர்கள் இறந்தார்கள். பழியை அவர் ஒருவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. களத்தில் முடிவெடுத்தவர்கள் பல ஆண்டு சீருடையில் இருந்த அதிகாரிகள். அதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான்: படிப்பு தனியாகவும் அனுபவம் தனியாகவும் நின்றால் இரண்டுமே போதாது.

2021 ஜூலைக் கலவரத்தில், டர்பனில் இந்திய வம்சாவளியினர் நிறைந்த ஃபீனிக்சிலும் சுற்றுவட்டாரத்திலும் 36 பேர் கொல்லப்பட்டதையும் இந்த விவாதத்தில் இழுக்கிறார்கள். அன்று முதலில் இல்லாமல் போனது ஆள்பலம். போலீஸ் வந்து சேராத இடத்தில் தெருவுக்குத் தெரு தடுப்பு வைத்தவர்கள் சட்டத்தைக் கையில் எடுத்தார்கள். பட்டதாரிகள் மட்டும் என்று சொல்லி ஆட்சேர்ப்பைச் சுருக்கியிருந்தால் அது இன்னும் மோசமாகத்தான் போயிருக்கும்.

வாசலில் பட்டம் கேட்டுப் பார்த்தவர்கள் என்ன ஆனார்கள்? இங்கிலாந்திலும் வேல்சிலும் கான்ஸ்டபிள் வேலையைப் பட்ட நிலைக்கு உயர்த்துவது என்று சென்ற பத்தாண்டில் முடிவானது. பட்டத்தோடு வரலாம், அல்லது சேர்ந்து மூன்று ஆண்டு வேலை பார்த்துக்கொண்டே பட்டம் முடிக்கலாம். லிங்கன்ஷயர் போலீஸ் இதை எதிர்த்து 2019-ல் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. படிப்புக்கு ஆளை விட்டால் ரோந்துக்கு யார் என்பது அவர்கள் கவலை. 2022 நவம்பரில் உள்துறை அமைச்சராக இருந்த சுவெல்லா பிராவர்மன் (இவருடைய தாய் மொரீஷியஸ் தமிழ் வழியினர்) பட்டம் இல்லாத வழியும் வேண்டும் என்று கேட்க, 2024-ல் அது வந்தது. இப்போது அங்கே எல்லா வழியும் திறந்திருக்கின்றன. ஜெர்மனியின் நார்த் ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில் வேறு மாதிரி. போலீசில் சேர்கிற எல்லோரும் மூன்று ஆண்டு படிக்கிறார்கள், ஆனால் போலீசில் சேர்ந்த பிறகு, சம்பளம் வாங்கிக்கொண்டு. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அங்கே பட்டம் ஒரு தடையாக வந்து நிற்கவில்லை.

மூன்றாவது வழிக்கான விதை நம் நாட்டிலேயே இருக்கிறது. மேற்கு கேப்பில் உள்ள பார்ல் நகரில் போலீஸ் துறை 2014-ல் யுனிசா என்ற தொலைநிலைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து மூன்று ஆண்டு போலீஸ் பட்டப்படிப்பு தொடங்கியது. நல்ல முயற்சி, ஆனால் 10,000 பேரை எடுக்கிற ஆண்டில் அது குறுகலான கதவு. டர்பன் பிள்ளைக்குப் பார்ல் நாட்டின் மறுகோடி. இதே படிப்பை மாகாணத்துக்கு ஒரு பயிற்சிக் கல்லூரியில் நடத்தினால் என்ன? முதல் ஆண்டில் வாக்குமூலம் எழுதுவது, குடும்ப வன்முறைச் சட்டம், எப்போது சுடலாம் எப்போது கூடாது என்ற சட்டவிதி, இன்னொரு ஆப்பிரிக்க மொழி, இவ்வளவும் எல்லா கான்ஸ்டபிளுக்கும். அங்கே நிற்க விரும்புகிறவர் நிற்கட்டும். மேலே போக விரும்புகிறவர் பட்டம் வரை போகட்டும்.

2012-ல் வந்த, இந்த நாட்டு அரசின் தேசிய வளர்ச்சித் திட்டம் சொன்ன இரட்டைப் பாதை எனக்கு ஒப்பவில்லை. கான்ஸ்டபிள்களை ஒரு வழியிலும் அதிகாரிகளை இன்னொரு வழியிலும் எடுப்பது அது. தமிழ்நாட்டைப் பாருங்கள். இரண்டாம் நிலைக் காவலருக்குப் பத்தாம் வகுப்பு, சார்பு ஆய்வாளருக்குப் பட்டம், அதற்கு மேல் ஐ.பி.எஸ். தனி வாசல். காவலராகச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் சிறப்பு சார்பு ஆய்வாளர் நிலையோடு ஓய்வு பெறுகிறார்கள். காவலர் வேலைக்கே பட்டதாரிகள் கூட்டமாக விண்ணப்பிக்கிறார்கள், ஆனாலும் மேல்தட்டும் கீழ்த்தட்டும் ஒட்டவில்லை. இனத்தின் பெயரால் தட்டுப் பிரித்த வரலாறு உள்ள இந்த நாட்டில் படிப்பின் பெயரால் இன்னொரு தட்டு வேண்டாம். ஆணையர் நாற்காலியில் உட்காருகிறவரும் ஒரு காலத்தில் சார்ஜ் ஆபீசில் இரவு வேலை பார்த்தவராக இருக்க வேண்டும்.

பட்டத்தை நான் கட்டாயமாகக் கேட்கிற இடம் டிடெக்டிவ் பிரிவு. கொலை, பாலியல் வன்முறை, மோசடி வழக்குகளை நடத்துகிறவர் அந்த அளவுக்குப் படித்திருக்கத்தான் வேண்டும். அந்தப் படிப்புக்கு அரசு பணம் கட்ட வேண்டும், படிக்கிற மாதங்களில் சம்பளம் நிற்கக் கூடாது, டாக்கெட் குவியலிலிருந்து அவருக்கு நேரம் ஒதுக்கித் தர வேண்டும். இங்கிலாந்தில் இந்த நேரம்தான் பெரிய சிக்கலாகியது. பட்டம் முடித்தவர் சில ஆண்டு அந்தப் பிரிவிலேயே இருக்க ஒப்பந்தம் வேண்டும். இந்த நாட்டில் தனியார் பாதுகாப்புத் துறையில் வேலை பார்க்கிறவர்கள் 5 லட்சத்துக்கும் மேல், போலீசைவிடப் பல மடங்கு. அரசு செலவில் தேறிய ஒரு டிடெக்டிவுக்கு அங்கிருந்து அழைப்பு வர அதிக நாள் ஆகாது.