வேலூரில் கம்ப்யூட்டர் வாங்கும்போது ‘புரோகிராமிங் பேக்கேஜ்’ என்றால் உஷார்

குடியாத்தத்தில் இருக்கும் என் சித்தி மகள் பி.காம். முடித்துவிட்டு பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியைப் படிக்க ஆசைப்பட்டு, வேலூரில் ஒரு கடையில் பழைய லேப்டாப் வாங்கினாள். 17,000 ரூபாய். அந்த விலை பரவாயில்லை, அதில் எனக்குப் புகார் இல்லை. பில்லின் அடியில் தனியாக ‘புரோகிராமிங் பேக்கேஜ் 4,500’ என்று ஒரு வரி இருந்தது. பைத்தான் லைசென்ஸ், விஎஸ் கோட் (புரோகிராம் எழுத உதவும் சாஃப்ட்வேர்) லைஃப்டைம், ஒரிஜினல் விண்டோஸ், இந்த மூன்றுக்குமாம். முதல் இரண்டையும் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். தண்ணீர்ப் பந்தல் மோருக்குப் பில் போட்ட மாதிரி.

சரி, போட்டதையாவது ஒழுங்காகப் போட்டார்களா? பெயரைக் கேட்டு ஹலோ சொல்லும் இரண்டு வரி புரோகிராம், வீடியோவில் இருப்பதை அப்படியே அடித்திருக்கிறாள். ஓடுகிறது, பெயரைக் கேட்கிறது, பெயரை அடித்து என்டர் தட்டினால் அப்படி ஒரு பெயரே இல்லை என்று ‘நேம் எரர்’. “எனக்கு இதெல்லாம் மண்டையில ஏறாது போலண்ணா” என்று அழாத குறையாகப் போன் செய்தாள். லேப்டாப்பை அவளிடமிருந்து வாங்கிப் பார்த்தால் உள்ளே இருப்பது பைத்தான் 2.7! 2020 ஜனவரி 1-ஓடு ஆதரவு நின்றுபோன பதிப்பு. அதில் ‘இன்புட்’ என்று கொடுத்தால், நாம் அடிப்பதை வெறும் எழுத்தாக எடுத்துக்கொள்ளாது, அதையும் புரோகிராமின் ஒரு பகுதியாக நினைத்து ஓட்டிப் பார்க்கும். அந்தப் பெண்ணின் மண்டையில் ஒரு குறையும் இல்லை.

அப்புறம் அந்த ‘ஒரிஜினல்’ விண்டோஸ். லைசென்ஸ் வாங்காமல், கிராக் என்ற திருட்டு சாஃப்ட்வேர் போட்டு ஆக்டிவேட் செய்தது. அதை ஆன்டிவைரஸ் பிடித்துவிடக் கூடாது என்று விண்டோஸ் செக்யூரிட்டியின் ‘எக்ஸ்குளூஷன்ஸ்’ பட்டியலில் சி டிரைவையே மொத்தமாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அதாவது அந்த டிரைவில் எந்த வைரஸ் வந்தாலும் ஸ்கேன் கிடையாது. இந்த மிஷினில்தான் அவள் பேங்க் கணக்கும் பார்க்கிறாள்.

கடைக்காரரிடம் கேட்டதற்கு, “அது இன்ஸ்டலேஷன் சார்ஜ் சார், எல்லாருக்கும் அப்படித்தான் போடறோம்” என்றார். கூலி என்று முன்னூறு, ஐந்நூறு கேட்டால் கொடுத்துவிட்டுப் போகலாம், லைசென்ஸ் என்று எழுதி வாங்குவது வேறு கதை.

வாங்கப் போகிறவர்கள் பேக்கேஜே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பைத்தானை பைத்தான் டாட் ஆர்க் தளத்திலிருந்து நீங்களே இறக்குங்கள். விண்டோஸ் இன்ஸ்டாலரின் முதல் திரையில், அடியில் ‘பாத்’தில் (புரோகிராம்களை விண்டோஸ் தேடும் இடங்களின் பட்டியல்) சேர்க்கவா என்று ஒரு கட்டம் இருந்தால் அதை டிக் செய்ய மறக்காதீர்கள், பாதிப் பேர் அங்கேதான் மாட்டுகிறார்கள். ஒரிஜினல் விண்டோஸுக்குக் காசில்லையென்றால் விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் உபுண்டு போதும்.

பில்லைக் காட்டி, நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுவேன் என்றதும் கடைக்காரர் 2,000 ரூபாய் ஜிபே செய்தார். மீதி 2,500-க்குப் புகார் பதிந்திருக்கிறோம்.