பழைய ஜப்பான் காருக்கு எப்எம் மொடியூலேட்டர்: வாங்க முதல் இத வாசிங்க

எங்கட கார் ஜப்பான்ல இருந்து ரெக்கண்டிஷனா வந்த பழைய சாமான், ரேடியோவும் கசட்டும் மட்டும்தான், போன வயரால குத்துற ஓக்ஸ் ஓட்டையும் இல்ல யூஎஸ்பியும் இல்ல. 2020ல இலங்கையில வாகன இறக்குமதிய நிப்பாட்டின பிறகு கார் மாத்துற கதையே எடுக்கல்ல, 2025ல திரும்ப விட்டாலும் விலையக் கேட்டா தல சுத்துது. போன்ல கிடக்கிற பாட்டக் கேக்க ஏதாவது வழி வேணும் எண்டுதான் காத்தான்குடி மெயின் றோட்டுல ஒரு போன் சாமான் கடையில 1,800 ரூபாக்கு இத வாங்கின. சிகரெட் லைட்டர் ஓட்டைக்குள்ள சொருகிற சாமான், போன்ல பாடுற பாட்ட குட்டி எப்எம் ஸ்டேஷன் மாதிரி ஒரு நம்பர்ல விடும், காரு ரேடியோவ அந்த நம்பர்ல வச்சிக் கேக்கணும். புளூடூத் இருக்கு, பென் டிரைவ் குத்தலாம், மெமரி காட் போடலாம், போனும் சார்ஜ் ஆகும். பேர் ஊர் ஒண்டும் இல்லாத சைனா சாமான், பெட்டி மட்டும் நல்ல பளபளப்பு.

மொத ரெண்டு நாளும் பாடவே இல்ல. மொடியூலேட்டர்ல 88.1 வச்சி ரேடியோவுலயும் 88.1 வச்சா சர்ர்ர் எண்டு இரைச்சல்தான். கடைக்குக் கொண்டு போனா கடைக்கார நானா "சாமான் நல்லம்தான் தம்பி, இஞ்ச பாருங்க" எண்டு தன்ட வான்ல குத்திக் காட்டினாரு, அதுல கணீரெண்டு பாடுது, எனக்கு வெக்கமாப் போயிற்று. மறுகா வாகன வயரிங் பார்க்கிற பொடியன் ஒருத்தன்தான் விஷயத்தச் சொன்னான். பழைய ஜப்பான் ரேடியோ 76ல இருந்து 90 மெகாஹேர்ட்ஸ் வரைக்கும்தான் பிடிக்கும், நம்மட நாட்டு ஸ்டேஷனுகள் 108 வரைக்கும் கிடக்கு, அதால ஏரியல் வயர்ல பாண்ட் எக்ஸ்பாண்டர் எண்டு ஒரு குட்டிப் பெட்டியப் பூட்டி இருப்பாங்க, அது வாற அலைவரிசைய எல்லாம் கீழ இறக்கிக் குடுக்கும். எங்கட பெட்டி 14 மெகாஹேர்ட்ஸ் இறக்கிற ரகமாம். அப்ப 88.1 எண்டது 74.1 ஆகி ரேடியோவுக்கு எட்டாமப் போயிரும். "அண்ணன், இதுல 99.4 வச்சிற்று ரேடியோவ 85.4ல வைங்க" எண்டான், வச்சன், பாடிச்சு. இத மொடியூலேட்டர் வாற பெட்டியில ஒரு வரி அடிச்சி விட்டா என்ன குறைஞ்சி போகும் இவனுகளுக்கு?

கல்லடிப் பாலம் தாண்டி கல்முனை மட்டும் போனா ஒரு கரைச்சலும் இல்ல. சத்தம் ரேடியோச் சத்தம்தான், 15 கிலோஹேர்ட்ஸுக்கு மேல எப்எம்ல வராது, அதால 320 கேபிபிஎஸ் எண்ட உயர் தரத்துல பாட்டு இறக்கி வச்சிக்கிட்டு துள்ளத் தேவையில்ல. போன்ல சத்தத்தக் கூட்டி வைங்க, ரேடியோவுல குறைச்சி வைங்க, மாத்தி வச்சா இரைச்சல்தான் கூடும், ஆனா போன ஒரேயடியா முழுசுக்கு வச்சா பாட்டு பிசிறுது.

கூத்து எங்க எண்டா கொழும்புக்குப் போற வழியில. ஓட்டமாவடி தாண்டி மன்னம்பிட்டிப் பக்கம் போகக்குள்ள அப்பாட பக்திப்பாட்டுக்கு நடுவுல சிங்களச் செய்தி ஒண்டு வந்து குந்திற்று. முருகன் பாதி, வானிலை பாதி. இந்த மொடியூலேட்டர் விடுற சிக்னல் ரெண்டு மூணு மீற்றருக்குத்தான் காணும், அதே நம்பர்ல பெரிய ஸ்டேஷன் வந்தா ரேடியோ பலமானவன்ட பக்கம்தான் நிக்கும். நம்பர மாத்துங்க, மறுகா ரேடியோவுலயும் 14 கழிச்சி மாத்துங்க, ஓடிக்கிட்டே இத செய்ய ஏலாது, பக்கத்துல ஆள் வேணும். இழுத்து விடுற ஏரியல் எண்டா அத மடக்கி விடுங்க, வெளி ஸ்டேஷன் அடங்கும், உள்ளுக்க இருக்கிற இது பாடும்.

பென்ல இன்னொரு கதை. 64 ஜிபி பென் குத்தினா வாசிக்கவே இல்ல, அது எக்ஸ்ஃபாட் எண்ட ஃபோர்மட்ல வாறது, இதுக்கு ஃபாட் 32 எண்ட பழைய ஃபோர்மட்தான் விளங்கும். 32 ஜிபி போட்டன், பாடுது, ஆனா பேர் வரிசையில இல்ல, கொப்பி பண்ணின வரிசையில. எம்4ஏ எண்ட வேற ரகப் பாட்டு ஃபைலுகளுக்கு கடைசில எம்பி3 எண்டு பேர மட்டும் மாத்தி விட்டாரு எங்கட மச்சான், ஒண்டும் பாடல்ல, பேர மாத்தினா ஆள் மாறுமா?

மொத்தத்துல அஞ்சுக்கு மூணு குடுப்பன். ஓக்ஸ் ஓட்டை இருக்கிற கார்க்காரர் இதுக்குக் காசு குடுக்காதீங்க, ஒரு வயர் காணும், சத்தமும் இத விட நல்லம். நான் ஆறு மாசம் இழுத்துப் பார்த்திற்று யூஎஸ்பி வச்ச பழைய ரேடியோ செட் ஒண்டு வாங்கிப் பூட்டிற்றன். இது இப்ப மச்சான்ட வான்ல, அந்த ரேடியோ 108 வரைக்கும் பிடிக்கும், கழிக்கிற கணக்கு ஒண்டும் இல்லாம நல்லாப் பாடுது.